வெயிலுக்கு நகர்த்திய கற்கள்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல. பக்கத்து வீட்டுத் தேன்மொழி அக்கா கேட்டார். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் முள்ளுக்குறிச்சியில் நான் எழுதுவது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"யாரு படிக்கறாங்களோ இல்லியோ, நீ எழுது கண்ணு. அவரு தண்ணி ஜாஸ்தி ஊத்தலைன்னு ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

அவர் என்றால் பொன்னன் அண்ணன், அக்காவின் கணவர். மார்கழியில், மலைமேல் பெரக்கரை நாடு என்ற பகுதியில், மிளகு காயவைக்கக் கட்டிய இரும்பு ஷெட்டின் தூண் சாய்ந்து இறந்தார். அந்தத் தூணுக்குக் காங்கிரீட் போட்டவரும் அவர்தான்.

எழுதுகிறேன் என்றேன். எனக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது.

2

முதல் தொடக்கம்:

பனி மூடிய மலையில் ஓர் இரும்புத் தூண் வானத்தை நோக்கி

விட்டுவிட்டேன். பொன்னன் அண்ணன் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. குழியைப் பார்ப்பவர்.

இரண்டாவது தொடக்கம், அவர் இன்ஜினியரிடம் கேட்டுவந்து எங்கள் வாசலில் சிரித்துக்கொண்டே சொன்னது:

"நம்ம ஊடு அமுங்கிறாம இருக்க அஸ்திவாரம் போடறோம். இது பறந்துறாம இருக்கப் போடறதாம்."

உண்மைதான். இரும்பு ஷெட்டுக்கு எடை குறைவு. கூரைக்குக் கீழே காற்று புகுந்தால் தூக்கும். மண்ணுக்குள் இருக்கும் காங்கிரீட்தான் அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் நான்கு போல்ட். அவற்றைக் காங்கிரீட்டில் புதைத்து, நட்டு மாட்டும் மரை முனை மட்டும் வெளியே தெரியும்படி விடுவார்கள். தூண்கள் ஆலையிலேயே துளை போட்டு லாரியில் வந்துவிடும். துளையும் போல்ட்டும் பொருந்தினால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம்.

(ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்பதுதான் இந்தக் கதை. ஆனால் இதை இங்கே சொல்லக் கூடாது.)

3

நான் அங்கே இல்லை. இது கேள்விப்பட்டது.

கிரேன் மலைப்பாதை வளைவுகளில் ஏறி வந்துவிட்டது. அதைக் காத்திருக்க வைக்க முடியாது. காங்கிரீட் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதே கலவையில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்திருந்த சோதனைக் கற்களை அடிவாரத்தில் நசுக்கிப் பார்த்து, பலமாக இருக்கிறது என்றார்கள். தூணை நிறுத்தினார்கள். அண்ணன் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். தாங்குகயிறு கட்டும் முன் காற்று வந்தது. நான்கு போல்ட்டும் காங்கிரீட் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்தன.

மேற்பார்வையாளர் சதீஷ்குமாரின் கணக்கு எளிது. கல் தேறிவிட்டது, ஆகவே கலவை சரி. அப்படியானால் கல் வார்த்த பிறகு, கொட்ட இலகுவாக இருக்கட்டும் என்று பொன்னன் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் பந்தியிலேயே இதைப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார்.

4

எழுத எழுத, பொன்னன் என்ற பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. மிகவும் நல்லவராகிக்கொண்டே போனார்.

நிஜத்தில் அவர் அவசரக்காரர். எங்கள் குளியலறைத் தரையை அவர்தான் பூசினார். வாட்டம் சரியில்லை, தண்ணீர் தேங்கும். அப்பா கேட்டதற்கு, "நிக்கட்டும் மாமா, கொசுவும் குளிக்க வேண்டாமா" என்றார்.

இப்படிப்பட்டவர் தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

ஊற்றியிருக்க மாட்டார் என்று எழுத எனக்கு

5

அதனால் மேலே போனேன். வேலை நின்றிருந்தது. நண்பகலிலும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மற்றொரு குழியின் காங்கிரீட்டில் கை வைத்தேன். ஈரத்துணி போல ஜில்லென்றிருந்தது. அப்போது புரிந்தது.

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. குளிரில் அந்த வினை மெதுவாக நடக்கும். (வேதியியல் பட்டம் வாங்கியதிலிருந்து இது ஒன்றுதான் எனக்கு உதவியிருக்கிறது. உதவியதா என்பதை இனிதான் சொல்ல வேண்டும்.) கலவை ஒன்றே. ஆனால் கற்கள் அடிவாரத்து வெப்பத்தில் தேறின. அஸ்திவாரம் மலைக்குளிரில் பச்சையாகவே கிடந்தது. தண்ணீர் ஊற்றாமலே இது நடக்கும்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது, சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சோதனைக் கற்களை எங்கே வைத்திருந்தார்கள் என்று மட்டும் முதலில் கேட்டேன்.

அக்கா முற்றத்தைக் காட்டினார். கருப்பு டிரம்.

"இங்கதான் கண்ணு. சோதனைக்குக் கொண்டு போற வழிதானே, பொன்னன் ஊட்டுலயே ஊறட்டும்னு சதீஷ் சொல்லிட்டான். முருங்கை அடியில கம்பளிப்பூச்சி உழுகுதுன்னு வெயிலுக்கு நகத்துனது நாந்தான். இவரு மேலருந்து போன்ல கேப்பாரு, கல்லுக் குட்டிங்க தண்ணில முழுகிக் கெடக்குதான்னு. உங்களவிடச் சொகமா இருக்குதுங்கன்னு சொல்லுவேன்."

சிரித்தார். பிறகு, "கல்லு தேறிருச்சுன்னதும் எனக்குத்தான் மொதல்ல போன் போட்டாரு. உங் கை ராசின்னாரு" என்றார்.

நான் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங் கண்ணு, கல்லுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க அக்கா."

6

முடிவுகள்.

குளிர்தான் காரணம் என்று எழுதலாம். அண்ணனின் பெயர் மீளும். ஆனால் அக்கா, தான் வெயிலுக்கு நகர்த்திய டிரம்மை வந்தடைவார்.

கற்கள் 'அடிவாரத்தில்' இருந்தன என்று பொதுவாக எழுதலாம். எந்த முற்றம் என்று அக்காவுக்குத் தெரியும்.

காற்றின் மேல் பழி போடலாம். பந்தியில் உட்கார்ந்த யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுதாமலே விடலாம். அப்போது அவர் தண்ணீர் ஊற்றியவராகவே

(அக்கா மீது தவறில்லை. கல்லை அங்கே வைக்கச் சொன்னவர் வேறு, அதை நம்பித் தூணை ஏற்றியவர்கள் வேறு. வெயிலுக்கு இருக்கும் பங்குகூட அவருக்கு இல்லை. இதை நூறு முறை சொல்லலாம். அந்தப் போனில் கேட்ட வார்த்தையை அவர் காதிலிருந்து எடுக்க முடியாது.)

7

இன்று அக்கா வந்திருக்கிறார். முடிச்சிட்டியா என்றார். முடிவு மட்டும் பாக்கி என்றேன். இருக்கிற வரைக்கும் படி, எழுத்துக்கூட்டி நான் படிக்கிறதுக்குள் பொழுது போய்விடும் என்றார்.

என் கையில் தாள்கள் இருக்கின்றன. ஐந்தாம் பகுதி தனித் தாள். அதைக் கீழே நழுவவிட்டு, நான்கிலிருந்து நேராகக் காற்றின் மேல் பழி போடும் முடிவுக்குப் போய்விடலாம். குரல் நடுங்காமல் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். பந்தியில் பேசியவர்களையும் பார்த்தீர்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்: அந்தத் தாளை வாசிக்கவா, நழுவவிடவா?

அக்கா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

"ம், படி கண்ணு" என்கிறார்.