ஆதவனின் கட்டம் போட்ட சட்டை

ஒரு சட்டையை மடித்துக் கீழே வைக்கவேண்டும். தனத்தின் வேலை அவ்வளவுதான். அதற்குப் போய் மூன்று வாரமாக ஒத்திகையில் திரும்பத் திரும்பத் தப்பு வருகிறது என்றால் யாரிடம் சொல்லி அழ?

செங்கம் ரோட்டில் ஒரு விடுதி மாடியில், சினேகா என்கிற சென்னைப் பெண் நாட்டிய நாடகம் போட்டாள். இலங்கைச் சண்டையிலும் அதற்குப் பிறகும் தொலைந்துபோனவர்களைப் பற்றியது. ஆடிய எட்டுப் பேரும் அடி அண்ணாமலை அகதி முகாமில் பிறந்தவர்கள். கடைசிக் காட்சியில், முகாமில் மாதாமாதம் அதிகாரி கூப்பிடுவதுபோல தனம் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். பதில் வராவிட்டால், கொடியில் தொங்கும் அவனுடைய சட்டையை எடுத்து மடிப்பாள். மடித்தால் அந்த ஆள் இல்லை. அவள் மடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் அசையக்கூடாது.

"உங்க வீட்ல யாராச்சும் காணாம போயிருந்தா, அந்தப் பேரையே கூப்பிடுங்கக்கா" என்று சினேகா சொன்னபோது தனத்தின் வாய் முந்திக்கொண்டது.

"ஆதவன்."

ஆதவன் அவள் தம்பி. கேரளாவில் படகேறி ஆஸ்திரேலியா போகிறேன் என்று கிளம்பினவன். ஒன்பது வருஷமாக ஒரு போன் இல்லை. அம்மா திரௌபதி ஒப்புக்கொண்டால்தானே? மாதாமாதம் முகாமில் அவன் பேரைக் கூப்பிடும்போது எழுந்து நின்று, "இருக்கிறான் ஐயா. பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறான்" என்பாள். ஒன்பது வருஷம் பெயிண்ட் அடிக்க அது என்ன சுவரோ! அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்ததால் பொய் பிழைத்தது. அவர்கள் தனத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். அவளும் தலையாட்டியாகவேண்டும். வெளியூர் வேலை, கல்யாணம் என்று எது வந்தாலும், "தம்பி வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டாமோ?" என்று அம்மா மறித்துவிடுவாள். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், அவன் இல்லை என்று காட்டிவிட்டால் போதும், மூச்சாவது விடலாம் என்று தனத்துக்கு இருந்தது.

"நீ வராதம்மா, உனக்குப் புரியாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே! மூன்றாம் வரிசையில் நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள் அம்மா. போதாக்குறைக்கு, முதல் வரிசையில் முகாமுக்குப் பேர் கூப்பிட வரும் அதிகாரி.

மூன்று பேரைக் கூப்பிட்டு மூன்று சட்டையை மடித்தாயிற்று. கடைசியாகத் தொங்கியது நீலக் கட்டம் போட்ட சட்டை. அம்மாவின் பெட்டியிலிருந்து திருடி வந்தது. பதில் வராது என்று தெரிந்ததால், தனம் அதை முன்கூட்டியே எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"ஆதவன்!"

நாற்காலி கிறீச்சென்றது. முப்பது வருஷப் பழக்கம், கேட்டது மகளின் குரல் என்றுகூடத் தோன்றவில்லை போலிருக்கிறது. அம்மா எழுந்து கைகட்டி நின்றாள்.

"இருக்கிறான் ஐயா. பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறான்."

நாடகத்தில் அதுவும் ஒரு வசனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அதிகாரி திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு தனத்தைப் பார்த்தார், மாதாமாதம் பார்ப்பதுபோலவே.

கைதட்டல் ஓய்ந்தது. அம்மா உட்காரவில்லை. கூப்பிட்டவர் "சரி" என்று சொல்லாமல் முகாமில் யாரும் உட்காரமாட்டார்கள். முட்டிவலிக்காரி, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனத்திடம் சட்டை, அதன் ஒரு பக்கக் கை மட்டும் மடித்தபடி.

"சரி" என்றாள் தனம்.

அம்மா உட்கார்ந்தாள். தனம் மடிப்பைப் பிரித்துச் சட்டையைக் கொடியிலேயே திரும்பப் போட்டாள். மற்ற ஏழு பேரும் அசையாமல் அப்படியே நின்றார்கள்.