ஒன்பதாம் சானல்

மாம்பழ சீசனில் சித்தூரில் யாரிடமும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. வெயில் ஒரு பக்கம், ஈ ஒரு பக்கம், மாங்கூழ் ஃபாக்டரி வாசலிலிருந்து வேலூர் ரோடு வரை நிற்கும் டிராக்டர்கள் இன்னொரு பக்கம். அந்த வாசலில் வைத்துத்தான் முதலாளி வெங்கடரமணன் யசோதாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் வைஃபையால என் பழம் அழுவிக்கினு கிடக்குது, பாத்தியா? காலைல நல்லா ஓடுது. பதினொரு மணி ஆனா ஸ்கேனர் அத்தினியும் செத்துப் போவுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் பெங்களூரு கம்பெனிய கூப்பிட்டுக்குவேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. டிராக்டர் வந்ததும் அதன் டோக்கனை வாசலில் ஒரு முறை, எடைமேடையில் ஒரு முறை, களத்தில் ஒரு முறை கையடக்க ஸ்கேனரால் படிக்க வேண்டும். ஸ்கேனர் நின்றால் வாசல் நின்றது. வாசல் நின்றால் தோத்தாபுரி மாம்பழம் வெயிலில் வெந்தது. மார்ச் மாதம் மூன்று வைஃபை பெட்டிகளை மாட்டிக் கொடுத்தவள் யசோதாதான். ஒன்று வாசல் ஸ்கேனர்களுக்கு, ஒன்று களத்துக் கேமராக்களுக்கு, ஒன்று ஆபீசுக்கு.

அவளுக்கு இதில் போகவிருந்தது ஒரு வாடிக்கையாளர் மட்டுமல்ல. நகரி பக்கத்து எல்லைக் கிராமத்தில் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்திலிருந்து டிப்ளமா முடித்த முதல் பெண் அவள். படித்த கையோடு பெங்களூருக்கு வேலைக்குப் போனாள், ஆறு வருடம். அதில் கடைசி மூன்று வருடம் கல்யாணமானவள். கணவன் எத்திராஜுக்குத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை திரும்பும் தாம்பத்தியம். போன வருடம்தான் துணிந்து திருப்பதியில் ஒரு சின்னக் கடை போட்டாள். கடைக்குப் பெரிய வாடிக்கை என்று சொல்லிக்கொள்ள இந்த ஃபாக்டரி ஒன்றுதான். இது போனால் கடையும் போகும். பழைய கம்பெனியோ திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. அவளுடைய துணிப்பெட்டி பரணிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அனலைசர் தேடினாள். வைஃபை கருவிகள் காற்றில் பேசும் பேச்சைப் பிடித்து, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எது போய்ச் சேரவில்லை என்று காட்டும் கருவி. சென்னை விற்பனைக்காரர் ஒருவர் போனில் தேனொழுகப் பேசினார். கையில் பிடிக்கும் மிஷின், கலர் கலராகக் கோடு, பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட், விலையும் பெரிது.

"வாங்கிடலாமாங்க?" என்று எத்திராஜைக் கேட்டாள்.

அவன் வேலை முடிந்து கடைக்கு வந்து தோசை தின்றுகொண்டிருந்தான். "நாங்க மிஷின பாத்து டெஸ்ட் எழுத மாட்டோம் யசோ. இன்னா தெரியணும்னு மொதல்ல பாப்போம். உனக்கு இன்னா தெரியணும்?"

நல்ல கேள்வி. யசோதா யோசித்துச் சொன்னாள். சாதாரண லேப்டாப் தன்னைக் கூப்பிட்டுச் சொன்னதை மட்டும்தான் கேட்கும். அவளுக்கு வேண்டியது ஒட்டுக்கேட்கிற காது. ஒரு காது ஒரு நேரத்தில் ஒரு சானலை, அதாவது காற்றில் ஒரு பாதையைத்தான் கேட்கும். அவளுடைய பெட்டிகள் ஒன்று, ஆறு, பதினொன்று என்று மூன்று சானலில் இருக்கின்றன. ஆகவே மூன்று காது. கேட்டதையெல்லாம் சேமித்து, நிதானமாகப் பிரித்துப் பார்க்கவும் முடிய வேண்டும்.

"கலர் கோடு?"

"அது வேணாம்."

அப்படித்தான் அந்தப் பெரிய மிஷின் செலவு தப்பியது. ஒட்டுக்கேட்கத் தெரிந்த மூன்று யு.எஸ்.பி அடாப்டர்களும் சும்மா கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேரும் போதும் என்று முடிவாயிற்று. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமை. பெருமைக்கு ஆயுசு இரண்டு நாள்.

வியாழக்கிழமை காலை எடைமேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, மூன்று காதையும் ஒன்று, ஆறு, பதினொன்றில் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு ஸ்கேனர்கள் வழக்கம்போலச் செத்தன. டிராக்டர்காரர்கள் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். அவளுடைய காதுகளில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒன்றில் பக்கத்து ரைஸ் மில், ஆறில் யாரோ ஒருவருடைய போன், பதினொன்றில் அறுந்த துண்டுகள். இடி விழுகிறது, கருவிக்குக் கேட்கவில்லை. எத்திராஜுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலைங்க. அந்தப் பெரிய மிஷினையே வாங்கியிருக்கணும். நான்தான் கெடுத்துக்கினேன்." குரல் உடைந்துவிட்டது.

"அழாத. நோயாளி துடிக்கிறான், ரிப்போர்ட் சுத்தமா இருக்குதுன்னா, நாங்க மொதல்ல சீசா மேல யாரு பேர் ஒட்டியிருக்குதுன்னு பாப்போம். பல தடவ வேற ஆளோட ரத்தமா இருக்கும்."

சீசா மேல் பேர். வைஃபை பெட்டி ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து முறை தன் பெயரையும், தான் உட்கார்ந்திருக்கும் சானலையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். பதினொன்றில் விழுந்த அறுந்த துண்டுகளில் முழுசாக இருந்த ஒன்றைத் திறந்தாள். அவளுடைய வாசல் பெட்டிதான். 'சானல்: ஒன்பது' என்றது. கேமரா பெட்டியும் ஒன்பது. ஆபீஸ் பெட்டியும் ஒன்பது. காதை ஒன்பதுக்குத் திருப்பியதும் திருவிழாக் கூட்டம் போலக் கொட்டியது. நூறு வார்த்தை போனால் அறுபது, முதலில் போய்ச் சேராமல் திருப்பிச் சொன்னவை.

மார்ச்சில் தான் சானல்களை எழுதி வைத்த தாளை நம்பி, பெட்டிகளைக் கேட்காமலே இரண்டு மணி நேரம் கழித்திருக்கிறாள். ஊர்ப் பிழையெல்லாம் பிடிக்கிறவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள். அவர் மறைக்கவே இல்லை. "சீசன் பூஜை அன்னிக்கு நான்தான் மேடம் மாத்தினேன். ஐயாவுக்கு ராசி ஒம்போது இல்ல? நாலு லாரி நம்பரும் கூட்டினா ஒம்போதுதான். பெட்டிக்குள்ள நம்பர் இருக்குதுன்னு தெரிஞ்சதும் மாத்துடான்னாரு. பாஸ்வேர்டுதான் பெட்டி மேலயே ஒட்டியிருந்தீங்களே."

அதுவும் அவள் செய்த புண்ணியம்தான். ஆபீசுக்குள் போய் முதலாளியிடம் ஸ்க்ரீனைக் காட்டினாள்.

"சார், மண்டியில ஒரே கொட்டாயில மூணு ஏலம் ஒண்ணா கூவினா இன்னா ஆவும்?"

"எவன் சொன்னதும் எவனுக்கும் கேக்காது."

"அதான் சார் இங்க நடக்குது. காலைல களம் காலி. கேமரா சும்மா கிடக்குது. பதினொரு மணிக்கு டிராக்டரும் ஆளுங்களுமா ரொம்பினா கேமரா ஓயாம படம் அனுப்புது. அந்தச் சத்தத்துல ஸ்கேனரோட குரல் அமுங்கிப் போவுது. மூணு கொட்டாயா பிரிக்கணும். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு."

வெங்கடரமணன் நாற்காலியில் சாய்ந்தார். "தள்ளுவண்டில பழம் வித்தவன்மா நானு. ஒம்போது வந்தப்பறம்தான் இந்தக் கட்டடம். அத மட்டும் எடுக்கச் சொல்லாத. வேற இன்னா வேணும்னாலும் செய்."

யசோதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. காற்றுக்கு ராசி தெரியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், துணிப்பெட்டியும் பெங்களூர் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எடைமேடையில் அவருடைய லாரி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நம்பர்: 4221.

"சார், அந்த லாரில ஒம்போது எங்க இருக்குது?"

"கூட்டிப் பாரு."

"அப்ப இதையும் கூட்டுங்க. ஒண்ணும் ஆறும் பதினொண்ணும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஏழு. பதினெட்டு. ஒன்றும் எட்டும்... நிமிர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரமும் அதற்குள் கூட்டி முடித்து, ஒன்பது விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மூணையும் ஒம்போதுல போட்டா இருவத்தேழு. அதுவும் ஒம்போதுதான்" என்றார் முதலாளி விடாமல்.

"ஆமா சார். ஆனா அந்த ஒம்போது வேலை செய்யல. இந்த ஒம்போது செய்யும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "மாத்து போ."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. யசோதா எடைமேடையில் நின்றாள். மூன்று காதும் மூன்று சானலில். களம் நிறைந்தது. கேமராக்கள் கூவின, ஆனால் தங்கள் கொட்டகையில். நூற்றுக்கு அறுபதாக இருந்தது நான்காகி, அங்கேயே நின்றது. பன்னிரண்டு. ஒரு மணி. வாசலில் ஸ்கேனர் பீப் பீப் என்று விடாமல் சத்தம் போட, டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வெங்கடரமணன் வந்து பக்கத்தில் நின்றார். "பங்காருபாளையத்துல இருக்குற நம்ம இன்னொரு ஃபாக்டரிக்கும் நீயே போட்டுடு. வருஷத்துக்கும் நீயே பாத்துக்க. நம்பர் சொல்லு, போன்ல எழுதிக்கிறேன்."

சொன்னாள். அவர் உதடு முணுமுணுத்தது. "நாலு வருதே" என்றார். முகம் சுருங்கியது.

"வீட்டுக்காரர் நம்பர்?"

அதையும் சொன்னாள். மறுபடி முணுமுணுப்பு. "அஞ்சு!" என்று கூவினார். "ரெண்டு நம்பரையும் கடை போர்டுல சேத்துப் போடும்மா. தனித்தனியா போடாத."

அவள் வாசலுக்கு ஓடிவந்து எத்திராஜைக் கூப்பிட்டாள்.

"வேலை நமக்குத்தாங்க! அந்தத் துணிப்பெட்டிய எடுத்துப் பரண்ல போடுங்க."

"நேத்தே போட்டுட்டேன்."

"நேத்தா? நேத்து ஒண்ணுமே முடியலையே?"

"சீசா மேல பேர் கிடைச்சிடுச்சுன்னு நீ மெசேஜ் போட்டியே," என்றான் அவன். "அப்பறம் இன்னா? ராத்திரிக்கு இன்னா துன்னலாம், அத சொல்லு."