மூன்றாம் பாட்டில் எழுந்து வந்தவர்கள்

நாரின் என்ற மலையூரில் டிராக்டர் பழுதுபார்க்கும் ஷேர்ஷெனின் வீட்டில், துயாக் என்ற ராக் குழுவின் மேடைக் கச்சேரி கேசட் ஓடியபோது, மூன்றாம் பாட்டைப் பொறுக்க மாட்டாமல் அதிலிருந்த ரசிகர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து, ஸ்பீக்கர் வழியாகக் கூடத்தில் இறங்கினார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள், காலணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் கழித்து மேடையேறிய பாடகர் தெமிர்பெக் முதல் பாட்டில் சுருதியை விட்டார், இரண்டாவதில் வரியை விட்டார். டிரம்ஸ்காரர் எல்லாப் பாட்டிலும் தாளத்தில் இரண்டு அடி பின்னால் வந்தார். ஷேர்ஷெனோ ராணுவத்தில் இரண்டு குளிர்காலத்தை அந்தக் குரலை வைத்தே தாண்டியவன். கேசட்டை நிறுத்தினான்.

வாசல் தாண்டி வந்தவரை ரொட்டி பிட்டுக் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. பழக்கதோஷத்தில் ரொட்டியை நீட்டிவிட்டான். ரொட்டி தின்றவர் விருந்தாளி, விருந்தாளிக்குத் தேநீர் உண்டு. அரைக்கிண்ணம் ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம், விளிம்புவரை ஊற்றினால் கிளம்புங்கள் என்று அர்த்தம். எட்டு நாள் அரைக்கிண்ணமாகவே ஊற்றினான். அலமாரிக்குள்ளும் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

"ஏங்க, இதுங்கள எப்ப அனுப்பப்போறீங்க?" என்றாள் மனைவி சைகால்.

"மிச்சத்தையும் கேட்டுட்டுப் போகட்டுமே. நாலாவது பாட்டு நல்லாருக்கும்."

"தம்பி, நான் ஒத்திகையே பாத்தவன்," என்றார் கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர். "நாலாவது இன்னும் மோசம்."

ஒன்பதாம் நாள் சைகால் கெட்டிலைப் பிடுங்கி எல்லாக் கிண்ணத்தையும் ததும்பத் ததும்ப நிரப்பினாள். குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். அன்று தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் பஸ் ஏழு நடை போயிற்று.

ஷேர்ஷென் மனம் கேட்காமல் மறுபடி கேசட்டைப் போட்டான். கேட்க ஆளில்லாத அரங்கிலிருந்து தெமிர்பெக்கே இறங்கி வந்தார், காலணி கையில். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "எப்பிடி இருந்துச்சு தம்பி?" என்றார்.

சைகால் கெட்டிலைக் கணவனிடம் நீட்டினாள். நிரப்பினால் அந்த இரண்டு குளிர்காலமும் வாசலோடு போய்விடும். நிரப்பாவிட்டால் பாட்டு மோசம் என்று காதால் கேட்டது பொய்யாகிவிடும்.

"நல்லால்லண்ணே," என்றான் ஷேர்ஷென். அரைக்கிண்ணம் ஊற்றினான்.

தெமிர்பெக் இப்போது டிராக்டர் கொட்டகையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறார், அந்த வேலை நன்றாகவே வருகிறது. கேசட்டில் டிரம்ஸ்காரர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சைகால் ஒரு கிண்ணத்தைத் தனியே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.