ஒரே ஒயர்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பரசுராமன் தன் கையாலேயே சுவரில் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறும ஆரம்பித்தது. கண்ணாடி மூடிக்குள் அவர் மனைவி பூவம்மாள், நெற்றியில் காசும் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியுமாகப் படுத்திருந்தாள். விடிகாலையில் போன உயிர்.

"நைனா, படம் போச்சு!" என்று கூடத்து மூலையிலிருந்து மகள் குணசுந்தரி கத்தினாள்.

அங்கே கம்ப்யூட்டரில் மகன் வீரராகவனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் இல்லை. கத்தாரில் இருக்கிறான். அம்மாவின் முகத்தைப் பார்க்க அப்போதுதான் லைனுக்கு வந்திருந்தான்.

"எங்க போச்சு? நல்லாத்தானே இருந்துச்சு?"

"பெட்டியப் போட்டதும் போச்சு நைனா."

பெட்டி கொண்டுவந்தவன் பிளக்கைப் பிடுங்கி அடுப்பங்கரையில் சொருகிப் பார்த்தான். மோட்டார் ஓடியது, படம் நின்றது. வாசல் பக்கம் சொருகினான். அதே கதை.

"ஊடு பூரா ஒரே ஒயரு பெரியவரே. லோ வோல்டேஜு வேற. மோட்டாரு இஸ்துக்கினு ஓடுது. அந்த எரைச்சல்ல நெட்டு எப்டி வரும்?"

பரசுராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடு தூரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே இரும்பு உருக்குகிறவனுக்கு இரவும் பகலும் கரண்ட் கொட்டுகிறது. அந்த உலை முன்னால் நின்று வெந்த அவர் வீட்டில் பிணத்துக்குக்கூட ஒழுங்காக வரவில்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது வீரராகவன் செய்துவிட்டுப் போன ஏற்பாடு இது. நெட் வருவது மாடி அறையில். முட்டி வீங்கிய பூவம்மாளால் மாடி ஏற முடியாது. தளத்தைக் குடைந்து கீழே ஒரு ஒயர் இழுத்துக்கொள்கிறேன் என்றான் மகன்.

"நான் வெந்து கட்ன ஊடுடா. ஓட்ட கீட்ட போட்ட, கைய ஒடச்சிடுவேன்" என்றார் பரசுராமன்.

அதற்குப் பிறகுதான் உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெள்ளை டப்பாக்களை வாங்கிவந்தான். ஒன்றை மாடிப் பிளக்கில் சொருகினான், ஒன்றைக் கீழே. சுவருக்குள் ஓடுகிற கரண்ட் ஒயரிலேயே நெட்டும் இறங்கி வரும் என்றான்.

"கரண்டு போற ஒயர்ல மனுசன் மூஞ்சி வருமா? எவனோ ஒன் தலையில நல்லா மொளகா அரச்சிட்டான்."

ஆனால் வந்தது. சாயங்காலம் ஆனால் பூவம்மாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பரசுராமன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளை என்றால் வாசல் வழியாக வரவேண்டும், பிளக் ஓட்டை வழியாக வரக்கூடாது என்பது அவர் கட்சி.

பேச மட்டுமே உதவுகிற பட்டன் செல்போன் அடித்தது. மகன்தான்.

"நைனா, பெட்டிய கொஞ்ச நேரம் நிறுத்து நைனா. ஒரே ஒருதபா அம்மாவ பாத்துக்கிறேன்."

"பாக்கணும்னா வந்து பாருடா!"

"பாஸ்போர்ட்டு கம்பெனி பீரோவுல கீது. சாவி வச்சிருக்கறவன் ஊருக்குப் போய்ட்டானாம். நான் இன்னா பண்ணுவேன்?"

"எவன் கேட்டாலும் எடுத்துக் குடுத்துடுவியா? பெத்தவ செத்தா அனுப்ப மாட்டேன்னு சொல்றவன் மனுசனாடா? அவன்கிட்ட கைகட்டி நிக்கிறியே, நீ மனுசனா?"

பரசுராமன் போனை மகள் மடியில் போட்டார்.

பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கத்திரி வெயில். கடம்பத்தூரிலிருந்து பூவம்மாளின் அண்ணன் முனுசாமி தாய்வீட்டுக் கோடிப் புடவையோடு வந்து சேரவேண்டும். அது போர்த்தாமல் பிணத்தை எடுக்க முடியாது. எத்தனை நேரமாகுமோ. பெட்டியை நிறுத்தினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

"நிறுத்தாத மாமா. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசும்" என்றாள் ஒருத்தி.

"பேசட்டும்."

குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உடைந்திருந்த கட்டங்கள் ஒன்றுகூடி வீரராகவனின் முகமாயின. குணசுந்தரி கேமராவை ஒயரோடு இழுத்துப் பெட்டிக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மோவ்!"

அந்தக் குரல் கூடத்தைக் கிழித்தது. பரசுராமன் முதல் தடவையாக அந்தத் திரையைப் பார்த்தார். மகனுக்குப் பின்னால் இரும்புக் கட்டில்கள் மேலும் கீழுமாக அடுக்கியிருந்தன. கட்டில்களுக்கு நடுவே முகம் தெரியாத ஆண்கள், பூவம்மாளைக் கண்ணால் கண்டிராதவர்கள், கைகட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"கண்ணாடி வேர்த்துப் போச்சு, சரியாத் தெரியல" என்றான் வீரராகவன்.

பரசுராமன் தோள் துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முனுசாமி தட்டும் புடவையுமாக உள்ளே வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? பெட்டி ஓடல? என் தங்கச்சிய இந்த வெயில்ல அவிய வச்சிக்கினு கீறீங்களா?"

"நாந்தான் நிறுத்தினேன் மச்சான்."

"உசிரோட இருந்தப்பதான் அவள ஒழுங்கா வச்சுக்கல. செத்தப்புறமாவது வுடக் கூடாதா? கம்ப்யூட்டர்ல சினிமா காட்டிக்கினு கீறியா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு முனுசாமி பிளக்கை எடுத்தார். பரசுராமன் ஸ்விட்சு பலகையை முதுகால் மறைத்து நின்றார்.

"அத சொருவின, அப்புறம் பொறந்த ஊடு புகுந்த ஊடுன்னு பாக்க மாட்டேன். பெத்த புள்ள பாக்கணும்னு அழுவறான். பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிக்கினானுங்க. இங்க கரண்ட புடுங்கி வச்சிக்கினானுங்க. நீயும் வந்து புடுங்கறியா? கண்ணுல பாக்கட்டும் மச்சான். அப்பறம் என்ன வேணா பண்ணிக்க."

முனுசாமி பிளக்கோடு ஓரடி முன்னால் வந்தார். அப்போது கம்ப்யூட்டரிலிருந்து, "மாமா" என்று கூப்பிட்டான் வீரராகவன். முனுசாமி திரும்பினார். திரையில் மருமகன் கும்பிட்டபடி இருந்தான். பின்னால் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டார்கள்.

முனுசாமி கையிலிருந்த பிளக்கைத் தரையில் வைத்தார். புடவையை எடுத்து உதறினார்.

"மூடியத் தூக்கு" என்றார்.

இருவருமாகக் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். குளிர் புகைபோல எழுந்து கலைந்தது. புடவையைக் கழுத்துவரை போர்த்தினார் முனுசாமி. குணசுந்தரி கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கூடத்து டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது.

பூவம்மாளின் புருவத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

திரைக்குள் வீரராகவனின் கை சட்டென்று எழுந்து வீசியது. வீசிய கை பாதியில் நின்றது.

பரசுராமன் துண்டால் ஈயை ஓட்டினார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்தது. திரும்ப ஓட்டினார். பிறகு பெட்டியோரம் குந்திக்கொண்டு, ஈ இல்லாதபோதும் துண்டை வீசிக்கொண்டே இருந்தார்.