குழந்தை சொன்னது சொன்னபடி

எங்கள் பள்ளிக்கூடத்தில் குழந்தைப் பாதுகாப்பு விதிமுறைகள் மொத்தம் பதினான்கு. அத்தனையையும் டைப் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆபீஸ் சுவரில் ஒட்டியவள் நான்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் ஒட்டினேன். பிள்ளையிடம் கேள்வி கேட்கக் கூடாதாம், அது சொன்னதை அப்படியே எழுத வேண்டுமாம், யாரைப் பற்றிச் சொன்னதோ அவருக்கு விஷயம் போகவே கூடாதாம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நடுவில் குப்பை கொட்டுகிறவளுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்களே என்று எரிச்சல்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓவிய டீச்சர் ஒரு படிவத்தோடு வந்தாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற புதுப் பெண்.

"அக்கா, இதை உங்ககிட்டதானே குடுக்கணும்? மூணாவது படிக்கிற பொண்ணு, படம் வரைஞ்சுகிட்டே சொன்னா. நான் எதுவும் கேக்கல. சொன்னதை மட்டும் எழுதியிருக்கேன்."

"சமத்து" என்று சொல்லி வாங்கினேன். மேலே இருந்தது என் அண்ணன் மகளின் பெயர். 'குழந்தை சொன்னது சொன்னபடி' என்ற கட்டத்துக்குள் இரண்டே வரி. "இன்னைக்கு அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன். மாமா விளையாடுற விளையாட்டு எனக்குப் பிடிக்கல."

அந்த அத்தை நான். மாமா என் வீட்டுக்காரர். டீச்சருக்கு அது தெரியாது. அவள் பிரஷ் கழுவப் போய்விட்டாள்.

அந்த இரண்டு வரியை மறுபடி படித்தேன். என்ன விளையாட்டு? வெள்ளிதோறும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். மூன்றரைக்கு இவர் வந்து பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார். நான் வீடு சேர ஐந்தரை ஆகும். சீட்டு ஆடுவார்கள், இவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார், அது எனக்கே தெரியும். கிச்சுகிச்சு மூட்டினால் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். போன மாதம் ஒரு நாள் நான் போனபோது பிள்ளை ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. "உள்ள போரடிக்குது அத்தை" என்றது. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

நாலு எட்டு வைத்தால் மூன்றாம் வகுப்பு. ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் நான் கேட்டால் அது எனக்காக மாற்றிச் சொல்லிவிடும், என்மேல் அவ்வளவு ஒட்டுதல். மேசை டிராயர் திறந்துதான் இருந்தது. படிவத்தை உள்ளே தள்ளினால் டீச்சர் அடுத்த வாரம்தான் கேட்பாள். பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன். ஒன்றுமில்லாததற்கு அவர் பெயரை நாறடிக்கலாமா? ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

படிவத்தை எடுத்துக்கொண்டு துணைத் தலைமையாசிரியையிடம் போனேன். பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. அந்த மாமா யாரென்று சொல்லிக் கொடுத்தேன்; இரண்டு தடவை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"இதுல இனிமே நீங்க இல்ல. உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன். பிள்ளையை இன்னைக்கு உங்க வீட்டுக்காரரோட அனுப்பப் போறதில்ல. அவர்கிட்ட இதைப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது."

"ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்ல மேடம்?"

"இருக்கலாம். அதை நீங்களோ நானோ முடிவு பண்றதில்ல."

"சாயந்திரம் நான் அந்த வீட்டுக்குத்தானே போகணும்?"

அவர் போனை எடுத்து அண்ணனின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். பதினான்கு விதிகளில் இதற்கென்று ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. இவர்தான்.

"கிளம்பிட்டேன். பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிட்டு வரவா?"

வழக்கமான குரல். அதில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னைக்கு வர வேணாங்க. அண்ணியே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

சாவியை ஏன் இந்த ஆணியில் மாட்டினாய் என்று அரை மணி நேரம் குடைகிற மனுஷன். அதனால் பொய்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்: அண்ணிக்கு லீவு, பிள்ளைக்குச் சளி, சொந்தக்காரர் யாரோ வருகிறார்கள்.

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

வண்டியில் ஏறியிருப்பார், அவசரமாக இருந்திருக்கும். வேறு என்ன? போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். ஒரே ஒரு தடவை ஏன் என்று கேளுங்களேன் என்று அவரிடம் கெஞ்ச வேண்டும் போலிருந்தது.