அடுத்தவர் துணுக்கு

உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஏந்திச் சாயம் ஏற்றுவார்கள், கண்ணுங்களா. அதைப் பார்த்துத்தான் புற்றுநோய் உண்டு, இல்லை என்று டாக்டர் எழுதுவார். ஒருவருடைய சதையைச் சீவி முடித்ததும் தண்ணீரின் மேற்பரப்பைத் தாளால் வழித்துவிட வேண்டும். வழிக்காவிட்டால் அவருடைய துணுக்கு அடுத்தவர் ஸ்லைடில் ஏறிக்கொள்ளும்.

இந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு குழு இருந்தது. தலைவரான வழுக்கைத்தலை டாக்டர், வாய் ஓயாத ஒரு லேப்காரர், பிறகு நம் அக்கா. சதை சீவியே தலை நரைத்தவள் அவள். தங்கைக்கும் அதே தொழில்தான், வேறொரு லேபில். தங்கையின் புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

லேப்கள் அனுப்பும் ஸ்லைடுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மூவரும் ஒரே மைக்ராஸ்கோப்பில் மூன்று பக்கமிருந்து கண் வைப்பார்கள். சீவல் சுருங்கவில்லையா, சாயம் சரியா, மதிப்பெண் இதற்குத்தான். நோய் அவர்கள் விஷயமில்லை. சொந்தக்காரரின் ஸ்லைடு என்று தெரிந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அன்று வந்தது யாரோ ஒருவருடைய வயிற்றுச் சதை. கூடவே வந்த அறிக்கையில் புற்று என்றிருந்தது.

"அடடா, என்னா கலரு! பத்துக்கு ஒன்பது போடுங்க டாக்டர். மீதி ஒண்ணு கண்ணு படாம இருக்க," என்றார் லேப்காரர்.

"மொதல்ல உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்யா," என்று சிரித்தபடி டாக்டர் பேனாவை எடுத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சீவல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடக்கைக்காரியான தங்கை ஏந்தினால் அப்படித்தான் விழும். அந்தச் சாய்வு இவளுக்கு அத்துப்படி. போதாததற்கு, ஓரத்தில் சதையோடு ஒட்டாமல் தனியாக ஒரு துணுக்கு. புற்று அதில் மட்டும்தான் இருந்தது.

பேசாமல் எழுந்து போனால் விதிப்படி சரி. இவர்கள் நிறத்துக்கு ஒன்பது போட்டு எடுத்துவைத்துவிடுவார்கள். தங்கைக்கு வேலை நிலைக்கும். அந்த மனிதருக்கு?

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"டாக்டர், இது என் தங்கச்சி கை. நான் வெளிய போகணும். அதுக்கு முன்னாடி இந்த ஓரத்தப் பாருங்க. இது இவரோட சதை இல்ல."

டாக்டர் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். லேப்காரரும் மறுபடி கண் வைத்தார்.

வெளியே நடையில் சுவரோரம் நின்றிருந்தாள் அக்கா. ஸ்லைடை அனுப்பிய லேபுக்குப் போன் பேசி முடித்து வந்த டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"போன மாசமே அவரோட வயித்த எடுத்துட்டாங்கம்மா. எடுத்த வயித்துல ஒண்ணுமே இல்லியாம். ஆரம்பத்துலயே கிள்ளிட்டோம், தப்பிச்சாருன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்களாம். அவரு அழுதுகிட்டே அத்தனை பேரையும் கும்பிட்டாராம்."

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். வேலை போய்விட்டிருந்தது. ஏசுவாள் என்று அக்கா காத்திருந்தாள். ஏசவில்லை.

"அக்கா, வீட்டுக்காரருக்கு மருந்து குடுக்கணுமேன்னு கொஞ்சம் அவசரமாத்தான் முடிச்சிருப்பேன். ஆனா தண்ணிய வழிச்சேன்னுதான் தோணுது. கை தானா செய்யுமே. வழிச்சிருப்பேன்லக்கா?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சொல்லேன்க்கா."

"இல்லடி, வழிக்கல," என்றாள் அக்கா.

இருவருமே போனை வைக்கவில்லை.