சில்லுன்னு ஒரு டீ

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் சண்முகவேல் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான். ஐஸ் போட்டு, இனிப்பாக ஒரு டீ.

பானுப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கல்யாணமான நாளிலிருந்து ஆறிப்போன டீயைத் திட்டியே வாழ்ந்த மனுஷன் அவன். பட்டாசுக் கம்பெனிக்குள் அடுப்பு மூட்ட முடியாது. டீயை வெளியே கடையில் போட்டு, கேனில் வாங்கி, ஒவ்வொரு ரூமாகக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் இருக்கிற, அவன் வேலை பார்த்த வெடிமருந்துக் கலவை ரூமுக்கு வரும்போது அது பச்சைத் தண்ணீர்தான். அந்த ஆத்திரத்தில், சாயங்காலம் வரும்போதே "கொதிக்கக் கொதிக்கக் கொண்டா" என்று தெருமுனையிலிருந்து குரல் கொடுப்பான். ஒருமுறை மதுரையில் பெரிய கடை ஒன்றில் அவள் ஆசைப்பட்டு ஐஸ் டீ வாங்கியபோது, "கம்பெனி டீய கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தி நமக்கே வித்துட்டானே" என்று கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது சிரிக்க அவனுக்கு உதடு இல்லை. கலவை ரூம் வெடித்ததில் முகமும் நெஞ்சும் கைகளும் வெந்துவிட்டன, தொண்டைக்குள்ளும் அனல் போயிருந்தது. "இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பட்டாசு ஊரான அச்சங்குளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பானுப்பிரியா மட்டும் தெரியாதவள் போல நடித்துக்கொண்டிருந்தாள். நடிக்கட்டும், அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பக்கத்து வீட்டு ஹெப்சிபா நர்ஸ். தினமும் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். டீ கேட்டதைச் சொன்னதும் அவள் முகமே கொஞ்சம் தெளிந்தது.

"குடு பானு. கஞ்சியத் துப்புறாக, இளநியத் துப்புறாக. வாயால கேட்டது இது ஒண்ணுதான். இன்னைக்கு ஒரு டம்ளர் உள்ள போனா நாளைக்கு ரெண்டு போகும். உள்ள ஏதாச்சும் போனாத்தான் உசுரு நிக்கும்."

"எலுமிச்ச பிழியட்டுமாக்கா?"

"வேண்டாம், எரியும். சூடும் ஆகாது. நல்லாச் சில்லுன்னு இருக்கணும்."

"இதையும் துப்பிட்டாகன்னா?"

ஹெப்சிபா பழைய கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

பானுப்பிரியா டீயை ஹெப்சிபா வீட்டு அடுப்பில்தான் போட்டாள். தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பதை அவள் விட்டுவிட்டாள். லைட்டர் சத்தம் கேட்டாலே சண்முகவேலுக்குத் தூக்கிவாரிப் போடும், கட்டுப் போட்ட கைகள் முகத்தை மறைக்கப் போகும். தண்ணீர் கொதித்ததும் இறக்கிவைத்துத் தேயிலையைப் போட்டு மூடினாள். அதிக நேரம் கிடந்தால் கசந்துவிடும் என்று சீக்கிரமே வடிகட்டினாள். ஆறினபின் சீனி கரையாது என்பதால் சூட்டிலேயே அள்ளிப் போட்டுக் கலக்கினாள். ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். பாயசம் தோற்றது.

இனி ஐஸ். ஹெப்சிபா வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது, கரண்ட்தான் இல்லை. வெயிலில் டிரான்ஸ்பார்மர் போய், தெருவே முந்தின நாளிலிருந்து இருட்டிக் கிடந்தது. பானுப்பிரியா பஸ் ஏறிச் சாத்தூர் போனாள். ஜூஸ் கடையில் கெஞ்சி ஒரு கட்டி ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றிப் பைக்குள் வைத்து, அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. சித்திரை வெயில். மடி நனைந்தது, சேலை நனைந்தது, செருப்புக்கடியில் தண்ணீர் ஓடியது. வீட்டுக்கு வந்து பிரித்தபோது ஈரச் சாக்குதான் இருந்தது. பானுப்பிரியா சாக்கைத் தரையில் அடித்து, ஐஸையும் பஸ்ஸையும் கடவுளையும் சேர்த்துத் திட்டினாள்.

வாசலில் பாண்டிராஜ் உட்கார்ந்திருந்தான். சண்முகவேலோடு அதே ரூமில் வேலை பார்த்தவன். வெடித்த அன்றைக்கு டீக் கேன் வாங்கக் கம்பெனி கேட்டுக்குப் போனதால் பிழைத்தவன். தினமும் வந்து வாசலோடு போய்விடுவான், உள்ளே வர மாட்டான்.

"தம்பி, வெடியுப்பு கெடைக்குமா?" என்றாள் பானுப்பிரியா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிட்டுப் போகும். கலவை ரூம் ஆட்கள் கோடையில் ஃபோர்மேன் கண்ணில் படாமல் அந்தத் தண்ணீருக்குள் குடிதண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைப்பார்கள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா வையுமே, மதினி. கம்பெனித் தூசிய வீட்டுக்குள்ள விடாத மனுசன்."

அது உண்மைதான். தெருக்குழாயில் குளித்து, கம்பெனிச் சட்டையை வெளியே கம்பியில் போட்டுவிட்டு, ஈரத் துண்டோடுதான் சண்முகவேல் வாசல்படி ஏறுவான். மழை பெய்தாலும் அப்படித்தான். 'அந்தச் சனியன் அங்கனயே கெடக்கட்டும்' என்பான்.

"அவருக்குத் தெரியாது. ஐஸுன்னு சொல்லிக்கிடுதேன். போங்க தம்பி."

பாண்டிராஜ் ஒரு பையில் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியில் சட்டித் தண்ணீரில் வெள்ளையாகக் கொட்டிக் கலக்கினாள். விரல் விறைத்தது. டீ டம்ளரை அதற்குள் நிறுத்தி, மேலே ஒரு தட்டை மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டீ நிஜமாகவே குளிர்ந்துவிட்டது. அவளுக்கு இருந்த சந்தோஷத்தில், சட்டியிலிருந்து எடுத்த டம்ளரோடு அப்படியே கட்டிலுக்கு ஓடினாள்.

"இந்தாங்க. மதுரையில குடிச்சமே, அதே டீ."

"ஐஸ்... கெடச்சுதா?"

"கெடச்சுது. கரைஞ்சிருச்சு. குடிங்க."

தலையைத் தாங்கி டம்ளரை வாயருகே வைத்தாள். ஒரு வாய் உள்ளே போனது. தொண்டை அசைந்தது. துப்பவில்லை. இரண்டாவது வாயும் போனது. பானுப்பிரியா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைத்துவிடுவான் என்றே நினைத்தாள். அந்த நிமிஷம் அதை உறுதியாக நம்பினாள்.

மூன்றாவது வாய்க்கு டம்ளரைச் சாய்த்தபோது, அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சட்டித் தண்ணீர் வழிந்து அவன் நாக்கில் பட்டது.

கலவை ரூம்காரனுக்கு அந்த ருசி தெரியாதா? முதலில் குளிரும், பிறகு உவர்க்கும், கடைசியில் கசக்கும். வருஷக்கணக்காக உதட்டில் படிந்த ருசி. அவன் கண் அகலமாகத் திறந்து அவளையே பார்த்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"வீட்டுக்குள்ளயும்... வந்திருச்சா?" என்றான்.

"டம்ளருக்கு வெளியதாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. வேற டம்ளர்ல ஊத்தித் தாரேன். நான் வேணும்னா குடிச்சுக் காட்டுதேன், பாருங்க" என்று அவள் குடித்தும் காட்டினாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதன்பின் டீக்கோ கஞ்சிக்கோ தண்ணீருக்கோ அந்த வாய் திறக்கவில்லை. ஹெப்சிபா வந்து கெஞ்சினாள், அதட்டினாள், ஜெபம் செய்தாள். பாண்டிராஜ் முதல்முறையாக உள்ளே வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

யார் சொல்லி அனுப்பினார்களோ, சாத்தூரிலிருந்து ஐஸ் பெட்டி உடனே வந்து சேர்ந்தது. கரண்ட் இல்லையென்று கூடவே ஜெனரேட்டரும் வந்தது. ஒரு டம்ளர் டீக்கு ஐஸ் கிடைக்காத வீட்டில், சண்முகவேல் தலை முதல் கால் வரை சில்லென்று கிடந்தான்.

வெக்கையில் பெட்டியின் கண்ணாடி வேர்த்தது. பானுப்பிரியா முந்தானையால் துடைத்தாள். மறுபடி வேர்த்தது. மறுபடி துடைத்தாள். வந்தவர்கள் உட்கார்ந்து, அழுது, எழுந்துபோன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஹெப்சிபா அவள் கையைப் பிடித்தாள். "விடு பானு. அது வேர்க்கத்தான் செய்யும்."

"நேத்தே தொடச்சிருக்கணும்க்கா" என்றாள் பானுப்பிரியா.